பொன்னி விட்டுப் போன பெட்டி

அந்தச் சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்தே ஏலவார்குழலிக்கு மனசு சரியில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவள் பொன்னி. ஏலவார்குழலி குடும்பத்தின் செவிலிமேட்டு ஃபிளாட்டில் நாலு வருஷமாகக் குடியிருந்தவள். "ஆடி கழியட்டும்க்கா. ஆவணி பொறந்ததும் காலி பண்ணிடறோம். ஆடியில எங்க போயி பால் காய்ச்சறது?" என்று அவள் கேட்டதையும், மகன் உதயகுமார் முடியவே முடியாதென்று சொன்னதையும், பெற்றவள் ஏலவார்குழலி வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றதையும் போன வாரம்தான் பார்த்தோம்.

உதயகுமாரைச் சும்மா திட்டவும் முடியாது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் முக்கால்வாசி இடம் தறிக்கு. மிச்சம் இருக்கும் இடத்தில்தான் அப்பா குமாரசாமி, அம்மா, அவன், அவன் மனைவி காவேரி எல்லோரும் முட்டிக்கொண்டு கிடக்கிறார்கள். காவேரிக்கு இது நாலாம் மாதம். ஐந்து தாண்டிவிட்டால் வயிற்றுப் பிள்ளையோடு வீடு மாறக் கூடாதென்று அவளுடைய அம்மா போனிலேயே சட்டம் போட்டுவிட்டாள். ஆகவே ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் ஃபிளாட்டில் பால் காய்ச்சியாக வேண்டும். அதற்குள் வெள்ளையடிக்க வேண்டும். அதற்கு வீடு காலியாக வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று ஒழுங்காகத்தான் பொருந்தியது. நடுவில் பொன்னி என்ற ஒருத்தி நசுங்கியது மட்டும்தான் பிசகு.

இதில் இன்னொரு கோபக்காரியும் உண்டு. மாகறலில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் சங்கீதா. ஃபிளாட்டைத் தம்பிக்கென்று ஒதுக்கிய நாளிலிருந்து அவள் அம்மாவோடு பேசுவதில்லை.

பொன்னி அப்படியில்லை. வாடகைக்கு இருப்பவள் என்ற எண்ணமே வராதபடி பழகியவள். வருஷா வருஷம் குமாரசாமியின் தறியில்தான் பட்டுப்பாவாடைக்குச் சொல்லி வைப்பாள். "போன வருஷத்தவிட ஒரு சாண் கூட இருக்கட்டும்க்கா" என்பாள். "யாருக்குடி இது?" என்று ஏலவார்குழலி கேட்டால், "எங்க வூட்டுப் பொண்ணுக்குத்தான்" என்று சிரிப்பாள். அவளுக்கும் புருஷன் அருளுக்கும் பிள்ளையில்லை. யாராவது அண்ணன் மகளாக இருக்கும் என்று இவளும் விட்டுவிட்டாள். போன ஆடியில் சங்கீதாவின் மகள் பிரியதர்ஷினிக்கே ஒரு கிளிப்பச்சைப் பாவாடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். "எங்ககிட்ட வாங்கி எங்களுக்கே சீர் செய்யற ஆளு நீதாண்டி" என்று அன்றைக்கெல்லாம் கேலி செய்தார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் ஆனி முடிவதற்குள் மூட்டை கட்ட வைத்தார்கள்.

*

ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலேயே மாமியாரும் மருமகளும் துடைப்பம், பக்கெட்டோடு செவிலிமேட்டுக்கு டவுன் பஸ் ஏறினார்கள். ஒரு மாதமாக இழுத்தடித்த பெயிண்டர் ஒருவழியாக மறுநாள் வருகிறான்.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசனை அடித்தது.

"காலி பண்றவங்க சுத்தமா காலி பண்ணிக்கினு போக மாட்டாங்களா அத்த? பாருங்க, எல்லாம் அப்படி அப்படியே கெடக்குது" என்றாள் காவேரி.

எல்லாம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பிடி போன வாணலி ஒன்று, சுருட்டிய கோரைப்பாய், மூடியில்லாத மிக்ஸி ஜாடி, போன வருஷத்துக் காலண்டர். பால்கனியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. அவசரமாகக் கிளம்பிய குடும்பம் என்னென்ன விடுமோ அதெல்லாம்தான். காவேரி ஒவ்வொன்றாக வாரிக் கீழே கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். செடியைத் தூக்கப் போனபோது மட்டும் ஏலவார்குழலி தடுத்தாள்.

"அது இருக்கட்டும்மா. ஒரு சொம்பு தண்ணி ஊத்து. பாவம், வாடிக் கெடக்குது."

செடிக்குப் பாவம் பார்க்கத் தெரிந்தவள்தான். அதை வளர்த்தவளுக்குப் பாவம் பார்க்க வாய் வரவில்லையே என்று அவளுக்கே உறைத்தது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பிகளைத் துடைக்கப் போனாள்.

"அத்த!"

காவேரியின் குரலில் இருந்த பயத்தைக் கேட்டுத் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சாமி அலமாரியின் கதவு திறந்திருந்தது. படங்களெல்லாம் போயிருந்தன. நடுத்தட்டில் ஒரு மூங்கில் பெட்டி மட்டும் மஞ்சள் துணி சுற்றியபடி இருந்தது. முன்னால் ஓர் அகல் விளக்கு. காய்ந்துபோன ஒரு முழம் பூ. காவேரி அதற்குள் மூடியைத் திறந்துவிட்டிருந்தாள்.

உள்ளே அரக்குப் பட்டில் ஒரு சிறுமியின் பாவாடை. மாங்காய் போட்ட கரை. போன வருஷம் தங்கள் தறியில் இறங்கியதுதான் என்று கரையைப் பார்த்ததுமே தெரிந்தது. ஒரு தடவைகூட உடுத்தாத துணி. அதன்மேல் கண்ணாடி வளையல், சீப்பு, சாந்துப் பொட்டு, மஞ்சள் கிழங்கு.

"இது என்னா அத்த? யாராவது செத்தவங்களோடதா?"

"வாய மூடு. மொதல்ல அத மூடு" என்று ஏலவார்குழலி பெட்டியை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பூவாடைக்காரிம்மா. அவங்க வூட்டு தெய்வம்."

அவளுக்குத் தெரியாததா? கல்யாணம் காணாமல் போன கன்னிப் பெண்ணோ, பூவும் பொட்டுமாகப் போன சுமங்கலியோ ஒரு வீட்டில் இருந்தால் அவளை அந்த வீட்டார் விட்டுவிட மாட்டார்கள். பெட்டியில் புதுத்துணி வைத்து, வருஷத்துக்கு ஒரு தடவை படையல் போட்டு, பழைய துணியை எடுத்து அந்த வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்துவாள். புதுசு உள்ளே போகும். பிள்ளையார்பாளையத்திலும் அவள் மாமனார் காலத்திலிருந்து ஒரு பெட்டி இருக்கிறது. குமாரசாமியின் அத்தை ஒருத்தி அதில் குடியிருக்கிறாள்.

ஆனால் வீட்டைக் காலி செய்கிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறப்பார்களா? வாணலியை மறக்கலாம், பாயை மறக்கலாம். வீட்டுத் தெய்வத்தை வேண்டுமென்றே விட்டால்தான் உண்டு. பராமரிக்க முடியாமல் விட்டிருப்பார்கள். பிள்ளையில்லாத வீடு, இனி யாருக்கு இந்தத் துணி என்று அலுத்திருப்பார்கள். இப்படித்தான் ஏலவார்குழலியின் புத்தி ஓடியது. ஊரில் விவரம் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் ஓடியிருக்கும்.

"நா இதோட இந்த வூட்டுக்குள்ள வர மாட்டேன் அத்த" என்றாள் காவேரி. கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது. "அடுத்தவங்க வூட்டுக் கன்னி. வயித்துல இருக்கிற புள்ளைக்கு எதுனா ஆயிடுச்சுன்னா?"

"ஒண்ணும் ஆவாது. அவ காவல் தெய்வம்மா."

"அவங்களுக்குக் காவல். நமக்கு?"

அடுத்த வீட்டுப் பூவாடைக்காரிக்கு நாம் படையல் போட முடியாது. போட்டாலும் அவள் ஏற்க மாட்டாள். அதுவும் ஆடிக் கடைசி வெள்ளி. ஊரிலுள்ள அம்மனுக்கெல்லாம் பொங்கலும் கூழுமாக நடக்கிற நாளில் இந்த ஒருத்தி மட்டும் இருட்டு அலமாரியில் பட்டினி கிடக்கிறாள்.

போனை எடுத்தாள். பொன்னியின் பெயர்வரை விரல் போயிற்று. சாவியை நீட்டியபோது பொன்னி சொன்னது ஞாபகம் வந்தது. "ஒரு மாசந்தானேக்கா கேட்டேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். அந்தக் குரலை மறுபடி காதில் வாங்க ஏலவார்குழலிக்குத் தைரியம் இல்லை.

"உதயாகிட்ட கேக்கலாமா?"

"அவரு ஷிஃப்டுல இருக்காரு. போன உள்ள எடுத்துக்கினு போக வுட மாட்டாங்க. சாயங்காலம்தான்."

சாயங்காலம்வரை பொறுத்திருக்கலாம். அந்தப் பெட்டி ஓடிவிடப் போவதில்லை. பிற்பாடு இந்த ஒரு விஷயத்தைத்தான் அவள் திரும்பத் திரும்ப நினைத்து அழப்போகிறாள்.

"தண்ணியில வுட்டுடலாம்" என்றாள். "கைவுட்ட தெய்வத்த அப்படித்தான் அனுப்பணும். மரியாதையா அனுப்பிடலாம்."

*

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கீழே கடையில் வெல்லமும் பச்சரிசியும் வாங்கி, கீழ்வீட்டில் அடுப்பும் பானையும் இரவல் கேட்டு, படையலாக இல்லாமல் வழியனுப்பாகப் பொங்கல் வைத்தாள். மல்லிகை வாங்கிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினாள். மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். காவேரியைப் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் பாலாற்றுக்குப் போனாள். ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சள் துணியைப் பார்த்ததுமே ரேடியோவை நிறுத்திவிட்டார்.

எப்போதும் மணலாகக் கிடக்கிற பாலாற்றில் அந்த வருஷம் மேற்கே பெய்த மழையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்துக்குக் கீழே இறங்கிக் கற்பூரம் ஏற்றினாள். முழங்கால்வரை தண்ணீரில் போய் நின்றாள்.

"தாயே, உன் வூட்டுக்காரங்க எந்த நெலமையில வுட்டுட்டுப் போனாங்களோ தெரியல. கோவிச்சுக்காத. எங்க வூட்டுல ஒரு உசுரு வரப்போவுது. அதுக்கு எந்தக் கொறையும் வெக்காத. நல்லபடியா போய்வா."

பெட்டியை விட்டாள். அது கொஞ்ச தூரம் மிதந்தது. நாணல் புதர் பக்கம் ஒரு தடவை திரும்பி நின்று, பிறகு ஓட்டத்தில் சேர்ந்து, சாய்ந்து, மெல்ல முங்கியது. மல்லிகை மட்டும் மேலே மிதந்து போயிற்று.

நல்ல காரியம் செய்த நிம்மதியோடுதான் அவள் கரை ஏறினாள்.

*

சாயங்காலம் ஃபிளாட்டில் மறுபடி கூடினார்கள். ஷிஃப்டு முடிந்து உதயகுமார் அப்போதுதான் நேராக அங்கே வந்திருந்தான்; பெட்டிப் பேச்சை இன்னும் யாரும் எடுக்கவில்லை. எந்த அறைக்கு எந்த நிறம் என்று காவேரி கலர் அட்டையைச் சுவரில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுவித் துடைத்த சாமி அலமாரியில் ஏலவார்குழலி விளக்கு ஏற்றியிருந்தாள்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது.

"அக்கா! நீங்களும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு."

பொன்னி. ஒரு கையில் வயர் கூடை. அதில் தேங்காய், வாழையிலை, தூக்குச் சட்டி. இன்னொரு கையில் துணிக்கடைப் பை. தலைக்குக் குளித்து மஞ்சள் பூசிய முகம். வெயிலில் பஸ் மாறி மாறி வந்த களைப்பு. கோபத்தின் அடையாளம்கூட அந்த முகத்தில் இல்லை.

"வா பொன்னி. என்னா இவ்ளோ தூரம்?"

"என்னாக்கா, தம்பி சொல்லலியா? கடைசி வெள்ளி வந்து படையல் போட்டுக்கறேன்னு சொல்லியிருந்தேனே. ஆவணி பொறந்ததும் வாலாஜாபாத்துல வூடு பாத்துருக்கோம். அங்க பால் காய்ச்சினதும் வந்து முறையா அழைச்சுக்கினு போயிடறேன். அதுவரைக்கும் அவ இங்கியே இருக்கட்டும்னு தம்பிதான் சரின்னாரு."

ஏலவார்குழலி மகனைப் பார்த்தாள். மகன் கலர் அட்டையைப் பார்த்தான்.

"எங்க மச்சான் வூட்டுல, தென்னேரியிலதான் இப்ப ஒண்டிக்கினு இருக்கோம். அங்க அவள எடுத்துக்கினு போக முடியாதுக்கா. அதான்." பேசிக்கொண்டே பொன்னி அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. தட்டில் புதுத்தாள் விரித்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"பெட்டி எங்கக்கா?"

காவேரி கலர் அட்டையை மடக்கினாள்.

"வேற எடத்துல வெச்சிருக்கீங்களா?"

"பொன்னி..." என்று ஏலவார்குழலி அவள் கையைப் பிடித்தாள். "நீ வுட்டுட்டுப் போயிட்டேன்னு நெனச்சுட்டேன்மா. சாமிய இப்படி வெச்சிருக்கக் கூடாதேன்னு... மத்தியானம் பாலாத்துல வுட்டுட்டேன். பொங்க வெச்சு, பூ வெச்சு, முறையாத்தான்..."

பொன்னியின் கை அவள் கைக்குள் அப்படியே இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"தண்ணியிலயா?" என்றாள்.

"ஆமாம்மா."

"தண்ணியிலயாக்கா வுட்டீங்க?"

இரண்டாவது தடவை கேட்டபோதுதான் அந்தக் குரலில் ஏதோ இருப்பது ஏலவார்குழலிக்குப் புரிந்தது.

"அவ தண்ணியில போன புள்ளக்கா" என்றாள் பொன்னி. "எம் பொண்ணு. தென்னேரி ஏரியில. மூணு வயசு. நா துணி அலசிக்கினு இருந்தேன். திரும்பிப் பாக்கறேன், இல்ல."

கூடையைக் கீழே வைத்தாள்.

"அந்த ஏரியப் பாத்துக்கினு இருக்க முடியாமதான் இந்த ஊருக்கு வந்தோம். தண்ணி கண்ணுல படாத வூடா வேணும்னு அவரு தேடித் தேடி இதப் புடிச்சாரு. இப்ப அங்கியே திரும்பிப் போக வேண்டியதாப் போச்சு. நாங்க போயிட்டோம். அவள எப்படிக்கா மறுபடி அந்தக் கரைக்குத் தூக்கிக்கினு போவேன்? அதான் இங்க வுட்டேன். இங்க பத்திரமா இருப்பான்னு வுட்டேன்."

தலைமுறைக்கு முன்னால் போன யாரோ ஒரு கன்னி என்றல்லவா ஏலவார்குழலி நினைத்தாள்! வருஷா வருஷம் ஒரு சாண் கூட, ஒரு சாண் கூட என்று இந்தப் பெண் தன் வாசலில் வந்து நின்று கேட்டாளே. தெய்வத்துக்குப் பாவாடை எங்கே குட்டையாகும்? பிள்ளைக்கல்லவா குட்டையாகும்! தறிக்காரர் வீட்டில் பிறந்து தறிக்காரனைக் கட்டியவளுக்கு அந்த ஒரு சாண் கணக்கு ஏன் புரியாமல் போனது?

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒரு போன் செய்திருக்கலாமே என்பதல்லவா நியாயம்.

"உதயா" என்று திரும்பினாள். "உங்கிட்ட சொல்லியிருக்கா. ஏண்டா சொல்லல?"

"சொல்லணும்னுதாம்மா இருந்தேன். காவேரி பயப்படுவா, நீ ஒண்ணு சொல்லுவ, ரெண்டு பக்கமும் ஏச்சு வாங்கணும்னு... ஆவணியில அவங்களே வந்து எடுத்துக்கினு போயிடுவாங்க, யாருக்கும் தெரியாமலே முடிஞ்சிடும்னு நெனச்சேன்."

"எம்மேல போடாதீங்க" என்று காவேரி சீறினாள். ஆனால் அடுத்த வார்த்தைக்குள் குரல் உடைந்துவிட்டது. "நாந்தான் அத்தைய அவசரப்படுத்தினேன். சாமின்னு நெனச்சுப் பயந்தேன்க்கா. கொழந்தன்னு தெரியாதுக்கா."

பொன்னி அவள் வயிற்றைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. "நீ அழாதம்மா. இந்த நேரத்துல அழக் கூடாது" என்றாள்.

உதயகுமார் பைக் சாவியை எடுத்தான். "நா போயி பாக்கறேன். எதுலனா மாட்டிக்கினு இருக்கும்" என்று படியில் தடதடவென்று இறங்கினான். அவன் பார்த்துவிட்டு வரட்டும். ஆனால் அந்தப் பெட்டி முங்கியதைக் கண்ணால் பார்த்தவளுக்கு அவன் வெறுங்கையோடுதான் வருவான் என்று தெரியும்.

*

மூன்று பெண்களும் அந்த வெற்று ஹாலில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கோ தெருவில் அம்மன் பாட்டு ஸ்பீக்கரில் ஓடியது.

பொன்னி துணிக்கடைப் பையைப் பிரித்தாள். உள்ளே புதுப் பாவாடை. ஊதா நிறம், தங்கக் கரை. குமாரசாமியின் தறியில் நெய்தது இல்லை. எங்கோ கடையில் வாங்கியது. இந்த வருஷம் தங்களிடம் வந்து கேட்க அவளுக்கு மனசு வரவில்லை என்று ஏலவார்குழலிக்குப் புரிந்தது. அதுவும் சேர்ந்து வலித்தது.

"இத இப்ப எதுமேல வெக்கிறதுக்கா?" என்றாள் பொன்னி. "பழசத் தொட்டுத்தானே புதுசு வெக்கணும்? பழசே இல்லன்னா இது வெறும் துணிதானே. அவ எப்படி வருவா?"

ஏலவார்குழலிக்கும் அந்த முறை தெரியும். ஒன்றைத் தொட்டு ஒன்று. அந்தத் தொடர்ச்சி அறுந்தால் கூப்பிட வழி இல்லை. அறுத்தது யார் என்பதும் தெரியும்.

பொன்னி ஊதாப் பாவாடையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்த ஏலவார்குழலிக்குத் திடீரென்று வேறொரு பாவாடை கண்ணில் வந்து நின்றது. போன ஆடி. கிளிப்பச்சை. "பிரியாவுக்குக் கட்டிப் பாருங்கக்கா" என்று நீட்டிய இதே கை.

"பொன்னி. போன வருஷம் எம் பேத்திக்கு ஒண்ணு குடுத்தியே..."

பொன்னி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுவும் அவளோடதாடி?"

"ஆமாக்கா. படையல் முடிஞ்சு எடுத்த பழசு. எங்க வூட்டுல கட்டிக்க வேற பொண்ணு இல்ல. பிரியா இங்க வந்தப்ப படியில எறங்கி ஏறி ஆடிக்கினு இருந்துச்சு. அதப் பாத்ததும் ஆசையாப் போச்சு. சொன்னா வாங்க மாட்டீங்களோன்னு சொல்லாம குடுத்துட்டேன். தப்புத்தான்."

"அப்ப அது இருக்குதே! அதத் தொட்டு இத வெக்கலாமே!"

"குடுத்தத எப்படிக்கா திருப்பிக் கேப்பேன்?"

"நீ கேக்க வேணாம். நா கேக்கறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போனைக் கையில் எடுத்ததும் காலையில் போலவே விரல் நின்றது. கேட்க வேண்டியது சங்கீதாவிடம். எத்தனையோ தடவை எடுத்து எத்தனையோ தடவை திருப்பி வைத்த எண். ஃபிளாட் பேச்சு வந்த அன்று, "இனிமே உன் வூட்டுலேர்ந்து ஒரு நூலுகூட எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனவள். அந்தக் கோபத்தில் பாவாடையை என்ன செய்தாளோ? யாரிடம் தூக்கிக் கொடுத்தாளோ?

காலையில் ஒரு போனுக்குக் கூச்சப்பட்டதன் விலை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. ஏலவார்குழலி அழுத்தினாள். பொன்னிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப் போகிறது என்றபோது எடுத்தாள்.

"என்னாம்மா? அப்பாவுக்கு எதுனா..."

முதல் வார்த்தை அதுதான். கோபமெல்லாம் மேலுக்குத்தான் என்று பெற்றவளுக்குத் தெரிந்தது. கண் நிறைந்தது.

"அப்பா நல்லா இருக்காரு. நீ நல்லா இருக்கியா?"

"ம்."

"சங்கீதா, போன வருஷம் பொன்னி பிரியாவுக்கு ஒரு பச்சப் பாவாட குடுத்தாளே. அது இருக்குதா?"

ஏலவார்குழலி போனைப் பொன்னியின் பக்கம் நகர்த்தினாள்.

"இருக்குதே. கடைசி வெள்ளின்னு இன்னிக்கு அதத்தான் கட்டிக்கினு நிக்கறா. கோயிலுக்குக் கெளம்பிக்கினு இருக்கோம். குட்டையாயிடுச்சுன்னு கீழ்மடிப்பப் பிரிச்சு வுட்டேன். வேற கட்டுடீன்னா கேக்க மாட்டேங்கறா, அதான் வேணுமாம்." தூரத்தில் ஒரு பெண் குழந்தை, "அம்மா, வளையல் எங்கம்மா?" என்று கத்துவதும், கொலுசு ஓடுவதும் கேட்டது.

பொன்னி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. தோள் குலுங்கியது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. காவேரி நகர்ந்து வந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

"கழட்டச் சொல்லாதீங்கக்கா" என்று பொன்னி கிசுகிசுத்தாள். "கட்டிக்கினு இருக்கட்டும். அது பேரு மகிழினிக்கா. எம் பொண்ணு பேரு."

"யாரும்மா பக்கத்துல? யாரு அழறாங்க?" என்றாள் சங்கீதா. குரலில் பழைய கறார் திரும்பியிருந்தது. "எதுக்கு இப்ப அந்தப் பாவாடையக் கேக்கற? எங்கிட்ட எதையோ மறைக்கறம்மா நீ. அது யாருது?"

"சும்மாத்தான் கேட்டேன்" என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் மகள் சமாதானமாகப் போனை வைத்துவிடுவாள். மெல்ல, ஏதாவது சாக்குச் சொல்லி, அந்தப் பாவாடையை வாங்கிவிடலாம். உண்மையைச் சொன்னால், செத்த பிள்ளையின் துணியையா என் மகளுக்குக் கட்டினாய் என்று சங்கீதா ஒரேயடியாகக் கதவைச் சாத்தினாலும் சாத்துவாள். அப்புறம் பொன்னிக்குப் பாவாடையும் இல்லை, இவளுக்கு மகளும் இல்லை.

சொல்லாமல் விட்டதெல்லாம்தான் இன்றைக்குப் பாலாற்றில் போயிருக்கிறது.

"நீ இப்படிக் கொஞ்சம் உக்காரு கண்ணு. பிரியாவையும் கூப்பிட்டுப் பக்கத்துல வெச்சுக்கோ" என்றாள் ஏலவார்குழலி. பொன்னியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அது ஒரு பொண்ணோட பாவாட. அவ பேரு மகிழினி."